கிழிந்த ஜீன்ஸுக்கு சாஷிகோ நூல்: வாங்கலாமா?

துணியைக் கெட்டியாக்க வரிசை வரிசையாக ஓட்டும் ஜப்பானியக் கைத்தையல்தான் சாஷிகோ. அதற்கென்றே ஒலிம்பஸ் நிறுவனம் தரும் நூல் 20 மீட்டர் சிட்டமாக வருகிறது. முழுக்கப் பருத்தி, முறுக்கு அதிகம், பளபளப்பு கிடையாது. தேய்ந்த டெனிமுக்கு வாங்கலாம். ஆறு பிரி எம்பிராய்டரி நூலில் தைத்தால் முட்டி உரசி உரசி பிரி பிரியாகக் கிளம்பிவிடும். இது அவ்வளவு சுலபத்தில் கிளம்பாது.

10 செ.மீ. சதுரத்தில் 5 மி.மீ. இடைவெளி விட்டு வரிசை ஓட்ட இரண்டரை மீட்டர் பிடிக்கும். குறுக்கேயும் ஓட்டிக் கூட்டல் குறிகளாக்கினால் ஐந்து. ஒரு சிட்டத்தில் நாலு முட்டி தேறும்.

ஊசியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சாஷிகோ ஊசி ஐந்து செ.மீ. அளவு நீளம், காது பெரியது. பல தையல்களைச் சேர்த்துக் கோத்து ஒரே இழுப்பில் இழுக்கத்தான் அந்த நீளம். டெனிமுக்கு அடியில் இன்னொரு டெனிம் துண்டை வைத்தால் மூன்று தையல் கோப்பதற்குள் ஊசி வளையும். மெல்லிய பருத்தித் துண்டு போதும். அதை முதலிலேயே துவைத்துச் சுருங்க விட்டு, கிழிசலைவிடச் சுற்றிலும் 3 செ.மீ. பெரிதாக வெட்டுங்கள்.

கால் குழாய்க்குள் கைவிட்டுத் தைப்பது பெரும்பாடு. இரட்டைத் தையல் இல்லாத பக்கமாகப் பார்த்து 20 செ.மீ. பிரித்துக்கொண்டால் துணி மேசைமேல் தட்டையாக விரியும்.

பலரும் கோட்டைவிடுவது இழுப்பில். நூலை இழுத்ததும் தைத்த இடத்தை விரலால் நீவி விடவேண்டும். வரிசை திரும்பும் இடத்தில் பின்பக்கம் சின்ன வளையமாக நூல் தொங்கட்டும். இறுக்கினால் முதல் சலவையிலேயே துணி சுருக்கம் கண்டு, குந்தும்போது நூலோ பழைய துணியோ அறுந்துபோகும். முடிச்சும் வேண்டாம், முட்டியில் உறுத்தும். கடைசி மூன்று தையல்மேல் திரும்பி ஓட்டினால் போதும்.

அசனோஹா போன்ற நட்சத்திரக் கோலங்களைப் பின் பாக்கெட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். தொடை இடுக்கில் நெருக்கமான குட்டித் தையல்தான் நிற்கும். பருத்தி கிடைப்பது அரிதாயிருந்த வடக்கு ஜப்பானில் இருந்த துணியை அடுக்கிக் கெட்டியாக்கத்தானே சாஷிகோ தைத்தார்கள்!

சிவப்பு, கருநீல நூல்களைத் தைப்பதற்கு முன் நனைத்து, வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். நீரில் மறையும் பேனாவால் கோடு போட்டிருந்தால், அலசிய பிறகே இஸ்திரி. சூடு பட்டால் கோடு அப்படியே தங்கிவிடும்.