செலஸ்ட்: பாதியில் விட்டவர்கள் மறுபடி ஏறலாம்

2018-இல் வந்த செலஸ்ட், மலையேறும் வீடியோ கேம். கடினம் என்று ஒதுக்கியவர்கள் அதிலுள்ள, கடினத்தைக் குறைத்துக்கொள்ளும் 'அசிஸ்ட் மோடு' பக்கம் போயிருக்க மாட்டார்கள். பாதியில் விட்ட ஆட்டத்தின் பழைய சேமிப்பையே (சேவ்) தேர்ந்து, தொடங்கும் முன் அதை 'ஆன்' செய்யுங்கள். பிறகு விளையாட்டை இடையில் நிறுத்தினால் (பாஸ்) வரும் மெனுவில் வேகம், சுவரைப் பற்றும் பிடிதிறன், சட்டெனப் பாயும் பாய்ச்சல் (டாஷ்) மூன்றையும் மாற்றலாம்.

வேகம் 100-லிருந்து 50 சதவீதம் வரை பத்துப் பத்தாகக் குறையும். 80-இல் தொடங்குங்கள், கை பழகியதும் 90. நேரே 50-க்கு இறங்கினால் தாளம் மாறிப்போய், திரும்ப 100-க்கு வரும்போது எல்லாம் புதிதாகத் தெரியும். சுவரில் தொங்கியே சோர்ந்து விழுகிறவர்களுக்குப் பிடிதிறனை வரம்பின்றி வைப்பதே போதும். வரம்பற்ற பாய்ச்சல் மட்டும் வேண்டாம். பெரும்பாலும் ஒரே பாய்ச்சலை நம்பிக் கட்டிய அறைகள் அவை, புதிரே செத்துவிடும். நாயகியின் தலைமுடி நீலமானால் பாய்ச்சல் தீர்ந்தது, தரையைத் தொட்டால் திரும்பும்.

மலிவான கீபோர்டில் மேல், இடது, எக்ஸ் (பாய்ச்சலுக்கான விசை) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சிலவற்றில் ஒன்று பதியாது. தவறு உங்கள் விரலில் இல்லை, கன்ட்ரோலர் வாங்குங்கள்.

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் தடித்த சுவரைத் தாண்டி வைஃபை உள்ளே வராது. முகப்பில் உட்கார்ந்து இறக்கிக்கொள்ளுங்கள், சுமார் 1.2 ஜிபிதான். 2 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பே போதும்.