ஏற்றம் ஒன்றுதான், தரை வேறு: ஓவெர்ன், வோஜ், லோஸேர் ஓட்டப் பாதைகள் ஓர் ஒப்பீடு

பிரான்ஸின் மலைநாட்டில் ஓடப் பாதை தேடுபவர்கள் முதலில் பார்ப்பது இரண்டு எண்களை: தூரம் எவ்வளவு, மொத்த ஏற்றம் எவ்வளவு. ஆல்ப்ஸையும் பிரனேயையும் ஒதுக்கிவிட்டு, நடுத்தர உயர மலைகளில் மூன்று பாதைகளை எடுத்துக்கொள்வோம். மூன்றிலும் மொத்த ஏற்றம் ஏறக்குறைய 700 மீட்டர்தான். ஆனால் ஒன்றுக்குப் பழகிய கால் இன்னொன்றில் தடுமாறும். காலடியில் என்ன பாறை, சரிவு எந்த இடத்தில் குவிந்திருக்கிறது, தண்ணீர் எங்கே கிடைக்கும் என்ற மூன்று கேள்விகள்தான் பாதையைத் தீர்மானிக்க வேண்டும். காட்சி அழகில் மூன்றுமே குறை வைக்காது.

முதலாவது, ஓவெர்ன் பகுதியின் புய் எரிமலைத் தொடர். கிளெர்மோன் ஃபெரான் நகருக்கு மேற்கே சுமார் 80 எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. 2018இல் இது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. செஸா கணவாயில் (1,078 மீ.) தொடங்கி, மியுலெத்தியே பாதை வழியே புய் த தோம் உச்சிக்கு (1,465 மீ.) ஏறி, வடக்கே ஷேவ்ர் பாதையில் இறங்கி, பாரியூ எரிமலை வாயின் விளிம்பைச் (1,209 மீ.) சுற்றித் திரும்பினால் சுமார் 15 கி.மீ.

இரண்டாவது, வோஜ் முகட்டுப் பாதை. லாக் பிளான் ஏரிக்கு மேலே உள்ள கணவாயில் தொடங்கி, ஷ்லூக்த் கணவாய் (1,139 மீ.) வழியாக ஓனெக் சிகரத்தை (1,363 மீ.) அடைந்து, இரண்டு சிறிய ஏரிகளைக் கடந்து மெட்ஸெரால் கிராமத்துக்கு இறங்குவது. சுமார் 26 கி.மீ.

மூன்றாவது, தெற்கே லோஸேர் மலையைக் கடப்பது. எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் பெயரால் ஸ்டீவன்சன் பாதை என்று எல்லோரும் அழைக்கும் ஜிஆர் 70 எனும் நெடுந்தூர நடைபாதையின் ஒரு துண்டு இது. லெ ப்ளேமார் கிராமத்திலிருந்து ஃபினியெல் சிகரம் (1,699 மீ.) ஏறி பொன் த மோன்வேர் வரை, சுமார் 19 கி.மீ.

பிரான்ஸில் ட்ரெயில் எனப்படும் மலைப்பாதை ஓட்டக்காரர்கள் ஒரு எளிய கணக்குப் போடுவார்கள். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்தையும் ஒரு கூடுதல் கிலோமீட்டராகக் கூட்டிக்கொள்வது. அப்படிப் பார்த்தால் ஓவெர்ன் 22, வோஜ் 33, லோஸேர் 26. சாலையில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் அரை மாரத்தான் முடிப்பவர் இந்தக் கணக்கில் மணிக்கு 8 என்று வைத்துக்கொள்ளலாம். ஓவெர்ன் இரண்டே முக்கால் மணி நேரம், வோஜ் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல், லோஸேர் மூன்றே கால் மணி. திட்டமிடத் தொடங்க இது போதும். ஆனால் இந்தக் கணக்கில் இறக்கமும் இல்லை, தரையும் இல்லை. தவறு நடப்பது அங்கேதான்.

சரிவு எங்கே இருக்கிறது

ஓவெர்னில் ஏற்றத்தின் பாதி தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. கொண்டை ஊசி வளைவுகளாக ஏறும் மியுலெத்தியே பாதை, இரண்டு கி.மீ.க்குச் சற்று அதிகமான தூரத்தில் 387 மீட்டர் உயர்கிறது. சராசரிச் சரிவு 15 சதவீதத்துக்கு மேல். முதல் நான்கைந்து வளைவுகளை ஓடியே கடந்துவிட்டு, மேல் பாதியில் மூச்சு வாங்கி நிற்பவர்களை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். இந்தச் சரிவில் கைகளை முழங்காலில் ஊன்றி வேகமாக நடப்பது ஓடுவதைவிடப் பெரிதாகத் தாமதமாகாது, இதயத்துடிப்பையும் கட்டுக்குள் வைக்கும். உச்சியிலிருந்து ரயில் தடம் வழியாக இறங்கப் பார்க்க வேண்டாம். 2012 முதல் அங்கே பல்சக்கர ரயில் ஓடுகிறது, நடப்பவர்களுக்கு அனுமதி இல்லை.

லோஸேரில் நிலைமை நேர் எதிர். ப்ளேமாரிலிருந்து சிகரம் வரை 600 மீட்டருக்கு மேல் ஏறினாலும் அது பத்து கி.மீ.க்கு மேல் பரவியிருக்கிறது. சராசரி ஆறு சதவீதம். ஏற்றத்தை முழுக்க ஓடியே முடிக்க வேண்டும் என்று விரும்புபவருக்கு மூன்றிலும் இதுதான் பாதை. உச்சிப் புல்வெளியில் தடம் அகலமானது, கண்ணுக்கு எட்டும் தூரம் வரை தெரியும்.

வோஜ் பாதைதான் ஏமாற்றும். முதல் 17 கி.மீ. முகட்டின் மேலேயே சிறு சிறு ஏற்ற இறக்கங்களாகப் போகும். கால் தானாக வேகமெடுக்கும். பிறகு ஓனெக்கிலிருந்து மெட்ஸெராலுக்கு ஏறக்குறைய 900 மீட்டர் ஒரே இறக்கம். தொடைத் தசைகள் நீண்டபடியே எடையைத் தாங்க வேண்டிய வேலை இது. முகட்டில் களைத்த தசை அதைத் தாங்காமல் நடுங்கத் தொடங்கும், பாதம் தூக்க மறக்கும், கல்லில் இடறும். ஷ்லூக்த் கணவாய் வரை பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தைத் தாண்டாமல் இருப்பதும், அங்கே நின்று எதையாவது சாப்பிடுவதும்தான் இதற்கு மருந்து. இறங்கும்போது அடியைக் குறுக்கி, நிமிடத்துக்கு 170 முதல் 180 அடிகள் வைத்தால் முழங்கால் மீது அடி குறையும். மடக்கும் கோல்கள் மூன்றில் இந்தப் பாதைக்கு மட்டும்தான் எடுத்துப் போகத் தகுந்தவை.

காலடியில் இருப்பது

ஓவெர்னில் எரிமலைச் சரளை, சிவப்பும் கறுப்புமாக. நீர் உடனே வடிந்துவிடுவதால் மழை நின்ற சிறிது நேரத்திலேயே ஓட முடியும், சேறு குறைவு. ஆனால் ஓரம் கூரான சிறு கற்கள் ஷூவுக்குள் புகுந்து குதிகாலை அறுக்கும். கணுக்காலை மூடும் மெல்லிய துணிக் கெய்ட்டர் போட்டால் தீர்ந்தது. பாரியூவில் மண்ணரிப்பைத் தடுக்க மரப் படிக்கட்டு போட்டிருக்கிறார்கள். படிகளின் அகலம் ஓட்ட நடைக்கு ஒத்துவராது, ஈரமானால் வழுக்கும். இறங்கும்போது சரளைச் சரிவில் சறுக்கிக்கொண்டு குறுக்கே பாய ஆசை வரும். அந்தத் தடம் பல ஆண்டுகளுக்கு மலையில் வடுவாக நிற்கும், ஆகவே படியை விட்டு விலகக் கூடாது.

வோஜில் கிரானைட்டும், முகட்டில் மக்கிய சதுப்பு மண்ணும். சதுப்புக்கு 4 முதல் 5 மி.மீ. பற்கள் உள்ள ஷூ அடிப்பாகம் வேண்டும். ஏரிகளுக்குக் கீழே வொர்ம்ஸா பள்ளத்தாக்கில் பனியாறு விட்டுச்சென்ற பாறைகள் குவிந்து கிடக்கின்றன. அங்கே ஈரத்தில் பிடிக்கும் மென்மையான ரப்பர்தான் முக்கியம், பற்களின் ஆழம் அல்ல. கடினமான, மலிவான ரப்பர் கொண்ட ஷூ இந்த இரண்டு கி.மீ.யில் கண்டிப்பாக வழுக்கும்.

லோஸேரும் கிரானைட்தான். ஆனால் மேலே அது மணலாக உதிர்ந்து, கெட்டித் தரைமீது கேழ்வரகு கொட்டியதுபோல் கிடக்கும். இறக்கத்தில் உடலைப் பின்னால் சாய்த்தால் கால் வழுக்கிவிடும். சற்று முன்சாய்ந்து, பாதம் முழுவதையும் பதிக்க வேண்டும். பொன் த மோன்வேரிலிருந்து மறுநாள் ஃப்ளோராக் ஊர் வரை தொடர்பவர்களுக்கு ஷிஸ்ட் எனும் தகட்டுப் பாறை வரும். உலர்ந்திருந்தால் அருமையான தரை, நனைந்தால் மூன்றிலும் மோசமானது.

தண்ணீர்

எரிமலைத் தொடரில் ஓடையே இல்லை. நுண்துளைகள் நிறைந்த பாறை மழைநீரை முழுக்க உள்ளே இழுத்துக்கொண்டு, தொடரின் ஓரங்களில் ஊற்றாக வெளிவிடுகிறது. பாட்டிலில் விற்கும் வோல்விக் தண்ணீர் அப்படி வருவதுதான். ஆகவே உச்சியில் உள்ள உணவகத்தைத் தவிர வழியில் எதுவும் கிடைக்காது. 15 கி.மீ.தானே என்று அரை லிட்டரோடு கிளம்பினால் கோடையில் பாரியூ விளிம்பில் நிழலும் இல்லாமல் தவிக்க நேரும். ஒன்றரை லிட்டர் தேவை.

வோஜில் ஒரு லிட்டர் போதும். ஷ்லூக்த் கணவாயில் கடைகள் உண்டு. முகட்டின் அருகே ஃபெர்ம் ஓபெர்ஜ் எனப்படும் பண்ணை விடுதிகள் வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை திறந்திருக்கும், வாரத்தில் ஒருநாள் மூடுவது வழக்கம். ஓடை நீரைக் குடிக்க வேண்டாம், மேலே மாடுகள் மேய்கின்றன. லோஸேருக்கும் இதே எச்சரிக்கை. ஏற்றத்தின் நடுவே 1,400 மீட்டர் உயரத்தில் உள்ள விடுதி பருவத்தில் மட்டும் திறக்கும், அதை நம்பிக் கிளம்பாமல் ஒன்றரை லிட்டர் எடுத்துக்கொள்வதே நல்லது. கிராமங்களில் குழாய் தேடுபவர் கல்லறைத் தோட்டத்துக்குப் போகலாம். குடிநீர் அல்ல என்ற பலகை இல்லாவிட்டால் அங்கே நிரப்பிக்கொள்வது பிரெஞ்சு ஓட்டக்காரர்களின் பழைய வழக்கம்.

வழி தவறுவதும் வானிலையும்

ஜிஆர் பாதைகளின் சிவப்பு-வெள்ளைக் கோடு நாடு முழுவதும் உண்டு. வோஜில் மட்டும் அதைத் தேடினால் தொலைந்துபோவீர்கள். 1872இல் தொடங்கிய வோஜ் மலைக் கழகம் தன் சொந்தக் குறிகளைப் போடுகிறது. முகட்டில் நீங்கள் பின்தொடர வேண்டியது சிவப்புச் செவ்வகம். ஓனெக்கில் அதை விட்டுப் பிரிய வேண்டும் என்பதால், இறங்கும் பாதையின் குறியின் நிறத்தையும் வடிவத்தையும் முன்பே 1:25,000 வரைபடத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குச் சரிவுகளில் மே மாதத்திலும் பனி தங்கியிருக்கும். ஜூனுக்கு முன் இந்த இறக்கம் வேண்டாம். ஓடி முடித்ததும் முழங்காலின் பின்புறம், தொடை இடுக்கு, அக்குள் ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். வோஜின் கிழக்கே அல்ஸாஸ் பக்கம், உண்ணி பரப்பும் லைம் நோய் அதிகம். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் விரிந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

லோஸேரில் ஆபத்து இலையுதிர்காலத்தில். மத்தியதரைக் கடலின் வெப்ப ஈரக்காற்று செவென் மலைகளில் மோதி, ஒரே நாளில் சில நூறு மில்லிமீட்டர் மழையைக் கொட்டும். ஆரஞ்சு அல்லது சிவப்பு வானிலை எச்சரிக்கை இருந்தால் ஓட்டத்தை ரத்து செய்வதைத் தவிர வேறு வழி இல்லை. மூடுபனியில் உச்சிப் புல்வெளியில் திசை தெரியாமல் போகும். பழைய ஆட்டு மந்தைப் பாதையின் ஓரமாக நட்டிருக்கும் கிரானைட் நடுகற்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். இந்த மலைக் குக்கிராமங்களில் பனிப்புயலில் வழி தவறியவர்களுக்காக மணி அடிக்கவே தனிக் கோபுரங்கள் கட்டினார்கள், இன்றும் நிற்கின்றன. கோடையில் மந்தைக் காவல் நாய்கள் இருக்கும். குரைத்து வந்தால் ஓட்டத்தை நிறுத்தி, அமைதியாக நின்று, பிறகு மந்தையைச் சுற்றி நடந்து விலகுங்கள். செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை மூன்று இடங்களிலும் வேட்டைப் பருவம் என்பதால் பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டை போடுவது நல்லது.

ஓவெர்னில் கவலைப்பட வேண்டியது கோடைப் பிற்பகல் இடி மின்னல். புய் த தோம் தனித்து நிற்கும் சிகரம், காலை பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படிப் போவது

மலையில் முதல்முறை ஓடுபவர் ஓவெர்னைத் தேர்ந்தெடுக்கட்டும். சுற்றுவட்டம் என்பதால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பலாம், கால் ஓய்ந்தால் உச்சியிலிருந்து ரயிலில் இறங்கிவிடலாம். ஆல்ப்ஸ் பந்தயத்துக்குத் தயாராகிறவருக்கு வோஜின் இறக்கம்தான் சரியான பயிற்சி. ஆனால் ஓட்டத்தின் தரத்தை மட்டும் வைத்துச் சொன்னால் லோஸேரை மற்ற இரண்டும் நெருங்கவில்லை. நின்று நின்று போக வேண்டிய இடமே இல்லாமல், காலும் மூச்சும் ஒரே சீராக உச்சி வரை போகக்கூடிய ஏற்றம் நடுத்தர மலைகளில் அரிது.

அதற்கான விலை போக்குவரத்து. ஓவெர்னின் கிளெர்மோன் ஃபெரானுக்கு பாரிஸின் பெர்ஸி நிலையத்திலிருந்து நேரடி ரயில் உண்டு. வோஜில் மெட்ஸெராலிலேயே ரயில் நிலையம் இருக்கிறது, கோல்மார் நகருக்கு அங்கிருந்து திரும்பலாம். தொடக்க இடத்துக்கு மட்டும் கோடையின் முகட்டுப் பேருந்தையோ டாக்ஸியையோ பார்க்க வேண்டும். லோஸேரில் ப்ளேமாருக்கும் ரயில் இல்லை, பொன் த மோன்வேருக்கும் இல்லை. ஜிஆர் 70 மீதே அமைந்த லா பஸ்தித் நிலையத்தில் இறங்கி மூன்று நாள் ஓட்டமாக ஃப்ளோராக் வரை போவதுதான் நடைமுறைக்கு ஏற்றது. பையை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்குக் கொண்டுசேர்க்கும் சேவை இந்தப் பாதையில் உண்டு. விடுதிகள் ஜூனிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் முதலில் நிரம்பும், ஆகவே ஓட்டத் தேதியை முடிவுசெய்வதற்கு முன் படுக்கையைப் பதிவுசெய்யுங்கள்.