'நல்லாத்தான் இருக்கேன்' என்ற பதிலா, பீக் ஃப்ளோ மீட்டரா?

டெல்லியில் நவம்பர் புகைமூட்டம் இறங்கியதும், கரோல் பாக், ஆர்.கே.புரம் தமிழ் வீடுகளில் ஆஸ்துமா உள்ள பெரியவரிடம் "அப்பா, மூச்சு எப்படி இருக்கு?" என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். பொய்யில்லை. வயதாக ஆக, மூச்சுக்குழல் சுருங்குவதை உணரும் திறன் மழுங்குகிறது. படி ஏறுவதையே விட்டுவிட்டவருக்கு இளைப்பும் தெரியாது.

அதற்காகக் கேட்பதை நிறுத்தாதீர்கள், கேள்வியை மாற்றுங்கள். கடந்த 4 வாரத்தில் இரவில் இருமி எழுந்தாரா? மூச்சுத் திணறலுக்கு உடனடி நிவாரணம் தரும் நீல இன்ஹேலரை வாரத்துக்கு 2 முறைக்கு மேல் எடுத்தாரா? மாடியில் துணி காயப்போடப் போவதை விட்டுவிட்டாரா? இதையெல்லாம் எந்தக் கருவியும் சொல்லாது.

பீக் ஃப்ளோ மீட்டர் என்பது மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் சிறு கருவி. அது தருவது எண். முள்ளைப் பூஜ்யத்தில் வைத்து, நிமிர்ந்து நின்று, மூச்சை முழுதாக இழுத்து, உதட்டை இறுக்கி ஒரே வேகமாக ஊத வேண்டும். 3 முறை ஊதி, அதிகபட்ச அளவை எழுதுங்கள், சராசரி வேண்டாம். பல்செட் தளர்ந்திருந்தால் ஓரத்தில் காற்று கசியும். விரல் முள்ளின் பாதையை மறித்தால் எண் குறையும். நலமாக இருந்த நாட்களின் சிறந்த அளவு 300 என்றால், 240க்குக் கீழே டாக்டரிடம் பேசுங்கள். 150க்குக் கீழே நீல இன்ஹேலரை எடுத்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பேச்சே திணறினால் மீட்டரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

மறதியோ கை நடுக்கமோ உள்ளவருக்குக் கேள்விகளே மேல். மற்றவர்களுக்கு மீட்டரைத்தான் முதலில் சொல்வேன், குளிர்காலம் முழுக்கக் காலையும் மாலையும். கண் அழுத்தத்துக்கு டிமோலால் சொட்டு மருந்து போடுகிறாரா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அது மூச்சுக்குழலைச் சுருக்கக்கூடியது.