வேலூர்ப் புரட்சி பாடம்: புரொஜெக்டரா, கரும்பலகையா?

வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயக் கம்பெனிக்கு எதிராக எழுந்த 1806 வேலூர்ப் புரட்சியை எட்டாம் வகுப்புக்கு நடத்த இரண்டும் உதவும். ஆனால் ஒரே வேலைக்கு அல்ல.

கோட்டையின் அகழி, மதில், ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரம் இவற்றைக் காட்டப் புரொஜெக்டர்தான். ஸ்லைடுக்கு ஒரு படம், அதன் கீழே 32 அளவுக்குக் குறையாத எழுத்தில் ஒரு வரி. பாடப்புத்தகப் பத்தியை அப்படியே ஒட்டினால் பிள்ளைகள் அதைப் படிப்பார்கள். நீங்கள் பேசுவது காதில் ஏறாது. வேலூர் வெயிலில் ஜன்னலை மூடாவிட்டால் படம் வெளுத்துவிடும். மூடினால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதி வகுப்பு கண்ணயரும். காலை வேளையில் பத்து நிமிடம் போதும்.

காரண காரியத்தை விளக்கக் கரும்பலகைக்கு ஈடில்லை. சிப்பாய்கள் மீது திணித்த புதிய தலைப்பாகை, நெற்றிக்குறிக்குத் தடை, கோட்டையில் காவலில் இருந்த திப்புவின் மகன்கள், ஜூலை 10 அதிகாலைத் தாக்குதல், ஆற்காட்டிலிருந்து விரைந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை: ஒவ்வொன்றையும் எழுதுமுன் “அடுத்து என்ன நடந்திருக்கும்?” என்று கேளுங்கள். பதில் வந்தபின் அம்புக்குறி போடுங்கள். நீங்கள் எழுதும் வேகத்திலேயே அவர்களும் குறிப்பெடுப்பார்கள். சிவப்பு, நீலச் சாக்பீஸ் கடைசி பெஞ்சுக்குத் தெரியாது. வெள்ளையும் மஞ்சளும் போதும். எழுதிக்கொண்டே பேசினால் பாதிச் சொல் சுவருக்குத்தான் போகும்.

ஒன்றுதான் கிடைக்குமென்றால் பலகையே. கோட்டையைப் பார்க்காத வேலூர்ப் பிள்ளை அரிதுதானே!