கெண்டைக்காலில் ஊர்ந்த எறும்பும் இரும்புச்சத்து டிரிப்பும்

எனக்கு 'ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்' (கால்களை அசைக்காமல் இருக்கமுடியாத தொந்தரவு). படுத்தால் போதும், கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். எழுந்து நடந்தால்தான் அடங்கும். ஹீமோகுளோபின் 12.4 என்பதால் 'சத்துக்குறைவு இல்லை' என்றே நான்கு வருடம் ஓடியது. மதுரையில் ஒரு நரம்பியல் மருத்துவர்தான் ஃபெரிட்டின் (உடலில் சேமிப்பில் உள்ள இரும்புச்சத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொன்னார்: வெறும் 19! இரும்புச்சத்து மாத்திரையில் மலச்சிக்கல்தான் மிச்சம்.

பிறகு ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்ற இரும்புச்சத்து மருந்து 1000 மி.கி., சலைனில் கலந்து 15 நிமிடத்தில் ஏற்றினார்கள். அரை மணி நேரம் உட்காரவைத்துக் கவனித்தார்கள். ஊசி இடத்தில் எரிந்தால் உடனே சொல்லச் சொன்ன நர்ஸம்மாவுக்கு நன்றி. மருந்து கசிந்தால் தோலில் கறை தங்கிவிடுமாம்.

மூன்று வாரம் மாற்றமே இல்லை, அழுதேவிட்டேன். ஐந்தாவது வாரம் ஒருநாள் கண் விழித்தால் விடிந்திருந்தது! செலவு அதிகம்தான். இப்போது ஃபெரிட்டின் 140; எப்போதாவது லேசாக ஊரும், அவ்வளவே.