கவார்த்தா ஏரிகளில் கைவினை கிளைட் பெய்ட்: நான்கு பருவங்களின் அனுபவம்

ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் காரில் போய்ச் சேரக்கூடிய கவார்த்தா ஏரிகளில் மஸ்கி என்ற பெரிய வேட்டை மீனுக்காகத் தூண்டில் வீசுபவன் நான். கடந்த நான்கு பருவங்களாக, ஒரே கைவினைஞர் செய்த, கிளைட் பெய்ட் என்ற செயற்கை இரைகள் மூன்றைப் பயன்படுத்தி வருகிறேன். அவற்றில் இரண்டு மரத்தில் செதுக்கப்பட்டவை. மூன்றாவது ரெசினில் வார்க்கப்பட்டது. மூன்றும் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் நீளமும் 120 கிராம் எடையும் கொண்டவை. வாங்கிய முதல் வாரத்தில் எழுதியிருந்தால் வண்ணப்பூச்சின் அழகைத்தான் எழுதியிருப்பேன். நீருக்குள் அவை எப்படி நடந்துகொள்கின்றன என்பதை அறிய இத்தனை காலம் தேவைப்பட்டது.

கிளைட் பெய்ட்டுக்கு, மற்றப் பல செயற்கை இரைகளுக்கு இருப்பதுபோல முகவாயில் நீரைத் தள்ளும் தகடு கிடையாது. தலை, வால் என்ற இரண்டு துண்டுகளை ஒரே மூட்டு இணைக்கிறது. உடலின் வடிவமும், வயிற்றுக்குள் வைத்த ஈயமும், அந்த மூட்டின் இடைவெளியும் சேர்ந்தே அதன் அசைவைத் தீர்மானிக்கின்றன. யப்பானியப் பாஸ் மீன்பிடிப்பில் 178 மில்லிமீற்றர் நீள ஜொயின்டட் கிளோ, 250 மில்லிமீற்றர் நீள ஸ்லைட் சுவிம்மர் என்ற இரண்டு இரைகளும் இந்த வகையைப் பரவலாக்கின. அந்த அளவிலான இரைகள் மஸ்கிக்கும் நன்றாகவே பொருந்துகின்றன.

ரீலின் கைப்பிடியை அரைச் சுற்றுச் சுற்றி நிறுத்தி, நூலைத் தளர விட்டால், இரை ஒரு பக்கமாக வழுக்கிச் செல்லும். அடுத்த அரைச் சுற்றில் எதிர்ப்பக்கம் திரும்பும். படகுத்துறையின் ஓரத்தில், தெளிந்த நீரில் பார்த்தபோது, மர இரைகள் ஒவ்வொரு முறையும் தம் உடல் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம் விலகிச் சென்றன. ரெசின் இரையின் வழுக்கல் அவ்வளவு தூரம் போகவில்லை. உடலைப் பக்கவாட்டில் சாய்த்து வயிற்றின் வெள்ளையைக் காட்டும் அந்த மின்னலும் அதில் குறைவு. மரம் இலேசானது, எனவே அதே எடைக்குக் கொண்டுவர வயிற்றின் அடியில் கூடுதலான ஈயம் வைக்க வேண்டியிருக்கிறது. மேற்பகுதி மிதக்க முயல, அடிப்பகுதி இழுக்க, சாய்ந்த உடல் சட்டென்று நிமிர்கிறது. ரெசினில் எடை உடல் முழுவதும் பரவியிருப்பதால் அந்த உயிர்ப்பு மங்கிவிடுகிறது என்பது என் கணிப்பு.

ஆனால் நான்கு பருவங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அசைவு அல்ல, இரை நீரில் மூழ்கும் வேகம்தான். ஜூன் மாதம் பருவம் தொடங்கும்போது மெதுவாக மூழ்கிய மர இரை, நவம்பரில் நிறுத்தியவுடன் மேலே எழத் தொடங்கியது. இரையில் ஏதோ கோளாறு என்றே முதலில் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. 25 பாகை செல்சியஸ் நீரைவிட 5 பாகை நீர் ஏறக்குறைய 0.3 சதவீதம் அடர்த்தி கூடியது. 120 கிராம் இரைக்கு அது மூன்றில் ஒரு கிராமுக்குச் சற்று மேற்பட்ட மிதப்பைத் தருகிறது. ஏறக்குறைய நீரின் அடர்த்தியிலேயே செய்யப்பட்ட இரைக்கு, மிதப்பதா மூழ்குவதா என்பதைத் தீர்மானிக்க அந்தச் சிறு அளவே போதும். இப்போது ஒட்டும் ஈயப்பட்டைகளைச் சிறு துண்டுகளாக வெட்டிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். முன் மும்முள்ளுக்கு (மூன்று கொக்கிகள் ஒன்றாக இணைந்த தூண்டில் முள்) சற்றுப் பின்னால் ஒரு துண்டை ஒட்டினால் இரை மட்டமாக இறங்குகிறது. அதையே வால் துண்டில் ஒட்டினால் வழுக்கல் செத்துவிடுகிறது.

மும்முட்களை மாற்றும்போதும் இதே கவனம் வேண்டும். கைவினைஞர் பொருத்தியிருந்த முட்களுக்குப் பதிலாகத் தடித்த கம்பியில் செய்தவற்றை நான் போட்டபோது இரையின் முகம் கீழே தாழ்ந்து, வழுக்கல் குறுகியது. பழைய முள்ளையும் புதிய முள்ளையும் தராசில் வைத்து ஒப்பிடாமல் இனி நான் மாற்றுவதில்லை. மஸ்கியின் பற்களுக்கு அஞ்சி நூலின் முனையில் போடும் கம்பித் தலைப்பும் முகத்தைத் தாழ்த்துகிறது. அதனால் இந்த இரைகளுக்கு மட்டும் தடித்த ஃபுளோரோகார்பன் தங்கூசியையே தலைப்பாக வைத்து, ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் விரலால் தடவி, கீறல் இருந்தால் மாற்றிவிடுகிறேன்.

மரத்தின் பலவீனம் மூன்றாவது பருவத்தில் வெளிப்பட்டது. மஸ்கியின் பல் எபொக்சிப் பூச்சைத் துளைத்திருந்த இடத்தை நான் கவனிக்கவில்லை. நீர் உள்ளே இறங்கி மரம் ஊதியது. மூட்டின் திருகு வளையம் தளர்ந்து வால் தொய்ந்தது. அதன் பிறகு அந்த இரை இரண்டு முறை வழுக்கி, மூன்றாவது முறை தன்மேலேயே மடிந்து நூலில் சிக்கிக்கொண்டது. இரண்டு வாரங்கள் நிழலில் உலர்த்தி, திருகைக் கழற்றி, துளையை எபொக்சியால் நிரப்பித் திரும்பப் பொருத்தினேன். வழுக்கல் திரும்பி வந்தது, ஆனால் முன்பிருந்ததைவிட ஒரு பக்கம் சற்றுக் கூடுதலாகவே போகிறது. ரெசின் இரையில் பற்குறிகள் நிறைய இருக்கின்றன. அதன் நடத்தை மட்டும் முதல் நாள் இருந்தபடியே இருக்கிறது.

யூலை, ஓகஸ்ட் மாதங்களில் இந்த ஏரிகளில் கிளைட் பெய்ட் வீசுவது பெரும்பாலும் வீண் உழைப்பு. ஆழம் குறைந்த இந்த நீர்நிலைகளில் நீர்ப்பூண்டு மேற்பரப்பு வரை வளர்ந்துவிடுகிறது. ஒரேயொரு இழை மூட்டில் சிக்கினாலும் இரை கட்டைபோல் இழுபட்டு வருகிறது. பக்கக் காற்றும் அப்படியே: நூல் வில்லாக வளைந்து, நாம் கொடுக்கும் தளர்ச்சியைத் தின்றுவிடுகிறது. செப்டெம்பர் இறுதியில் பூண்டு படியத் தொடங்கியபின், அதன் வெளி விளிம்பை ஒட்டி, காற்றை முதுகில் வாங்கி வீசும்போதுதான் இந்த இரைகள் தம் முழு இயல்பைக் காட்டுகின்றன.

மீன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கவார்த்தாவில் மஸ்கி எண்ணிக்கையில் நிறைய உண்டு. சென் லோறன்ஸ் ஆற்றில் கிடைக்கும் பெருமீன்களின் அளவுக்கு அவை வளர்வது அரிது. என் குறிப்பேட்டின்படி நான்கு பருவங்களில் இந்த மூன்று இரைகளும் சேர்ந்து கொடுத்தவை ஒன்பது மீன்கள். பின்தொடர்ந்து வந்து திரும்பியவை அதைப்போல் பல மடங்கு. சீரான வேகத்தில் இழுத்தபோது அவை வெறுமனே பின்னால் வந்தன. கைப்பிடியை இருமுறை விரைவாகத் தட்டி நிறுத்தியபோது இரை ஏறக்குறைய முழுதாகத் திரும்பி, வந்த மீனை நேருக்கு நேர் பார்த்து நின்றது. ஒன்பதில் ஆறு கடிகள் அந்த நொடியில்தான் நிகழ்ந்தன. மற்ற மூன்றும் படகின் அருகே, கோலின் நுனியை நீருக்குள் விட்டு எட்டு வடிவம் போட்டபோது கிடைத்தவை. அங்கே மர இரைக்கும் ரெசின் இரைக்கும் நான் எந்த வேறுபாட்டையும் காணவில்லை. முட்களின் கொளுவிகளை (முள் கழலாமல் தடுக்கும் எதிர்க்கூர்களை) நசுக்கி வைத்திருப்பதால் ஒன்பதையும் விரைவாக விடுவித்து அனுப்ப முடிந்தது.

வரும் ஜூனில் நீர்ப்பூண்டு உயரும் முன் ரெசின் இரையோடு தொடங்குவேன். பழுது பார்க்காத மர இரையை, பூச்சைப் புதுப்பித்து, ஒக்ரோபருக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.