‘வாட்டர்ப்ரூஃப் டென்ட், நாய்களுக்கும் இடம் உண்டு’: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மழை நாளில் நாய்களோடு சனி, ஞாயிறு முகாம் போக நினைப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை. ஒரு முகாம் இடத்தின் விளம்பரத்தில் மூன்று வாக்குறுதிகள் இருந்தன: டென்ட் முழு வாட்டர்ப்ரூஃப், நாய்களை உள்ளேயே படுக்கவைக்கலாம், மழை வந்தால் ஒதுங்கக் கூரைக் கொட்டகை உண்டு. சனிக்கிழமை இரவு மழை பிடித்து இரண்டு மணி நேரத்துக்குள் மூன்றும் பொய்யென்று தெரிந்துவிட்டது. முழுப் பணமும் முன்பே கட்டியாகிவிட்டது, ஒரு காசு திரும்பவில்லை. எங்கே ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் அடுத்தவர் தப்பிக்கலாம்.

முதலில் டென்ட். மேல்விரிப்பின் உட்புறத்தில் தண்ணீர் புகாதபடி பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். தையல் துளைகளை மூட அதன் மேல் டேப் ஒட்டியிருப்பார்கள். ஈரத்தோடு சுருட்டிப் பையில் திணித்து வைத்தால் அந்தப் பூச்சு மெல்லச் சிதையும். வாடகை டென்ட்டுகளுக்கு இந்தக் கதிதான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை நனைந்ததைக் காயப்போடாமலே அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். தொட்டால் பிசுபிசுக்கும், வாந்தி வாடை போலப் புளித்த நாற்றம் அடிக்கும், டேப் நகம் பட்டாலே செதில் செதிலாக உதிரும். இந்த டென்ட்டில் மூலைத் தையலின் டேப் ஒரு விரல் நீளத்துக்கு உரிந்து தொங்கியது. வெளியிலிருந்து டார்ச் அடித்தபோது ஊசித் துளைகள் வரிசையாக வெளிச்சம் காட்டின. பகலில் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் இருட்டிய பிறகுதான் இடத்தைக் காட்டினார்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள், டேப்பை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், பிறகு சாமானை இறக்குங்கள்.

ஒழுகுகிறது என்று போய்ச் சொன்னால் ஒரு பதில் தயாராக இருக்கிறது: “அது மழைத் தண்ணி இல்ல சார், நாய் மூச்சு விட்ட ஈரம்.” இதில் பாதி உண்மை இருப்பதால்தான் பலர் வாயடைத்துப் போகிறார்கள். மூச்சும் ஈர ரோமமும் உள்ளே நீராவியைக் கூட்டும், குளிர்ந்த துணியில் அது துளியாகும் என்பது சரிதான். ஆனால் அந்த ஈரம் துணி முழுக்கப் பனி போலப் பரவலாகப் படியும். ஒழுகல் தையலைப் பிடித்துக்கொண்டு வரும். ஒரு பகுதியைத் துடைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். தையல் கோட்டில் மட்டும் மறுபடி துளி கட்டினால் அது ஒழுகல். அதை அப்போதே, நேரம் தெரிய வீடியோ எடுத்துவிடுங்கள். காலையில் காய்ந்த பிறகு யாரும் நம்பமாட்டார்கள்.

டென்ட்டின் தரைத்துணி விஷயம் இன்னும் மோசம், நாய் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். டென்ட் துணிக்கு 1500 மி.மீ. என்று போட்டிருந்தால், அந்த உயரத்துக்குத் தண்ணீர் நின்று அழுத்தினாலும் துணி தாங்கும் என்று அர்த்தம். மேல்விரிப்புக்கு அது போதும். தரைக்குப் போதாது. 30 கிலோ நாய் ஒரு பாதத்துக்கு 20 சதுர செ.மீ. வீதம் நான்கு காலில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த அழுத்தம் 3750 மி.மீ. தண்ணீருக்குச் சமம். உட்கார்ந்து எழும்போதும் திரும்பும்போதும் ஒரே காலில் பாரம் ஏறும், அப்போது இன்னும் அதிகம். நகம் கீறினால் பூச்சே போய்விடும். 3000 மி.மீ. தரையானாலும், நாய் படுக்கும் இடத்தில் பாரத்தைப் பரப்பக் கெட்டியான ஃபோம் பாயோ பழைய ஜமுக்காளமோ விரித்தே ஆகவேண்டும். போகுமுன் சோதிக்கவும் வழி இருக்கிறது: ஈரத்துணியின் மேல் டென்ட் தரையை விரித்து, அதன் மேல் டிஷ்யூ பேப்பர் வைத்து ஒரு நிமிடம் முட்டி போட்டு அழுத்துங்கள். பேப்பர் நனைந்தால் அந்தத் தரை மழைக்கு ஆகாது.

அடியில் போட்ட தார்ப்பாயிலும் தப்பு செய்திருந்தார்கள். டென்ட்டைவிட அரை அடி பெரிதாக நாலா பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. மேல்விரிப்பில் வழிகிற தண்ணீரெல்லாம் தார்ப்பாயில் விழுந்து, டென்ட்டுக்கு அடியில் போய்க் குளம் கட்டியது. தார்ப்பாய் எப்போதும் தரையின் விளிம்பைவிட ஐந்து செ.மீ.யாவது உள்ளே இருக்கவேண்டும். பெரிதாக இருந்தால் ஓரத்தை அடிப்பக்கமாக மடித்துவிடுங்கள். நைலான் விரிப்பு நனைந்தால் தொய்ந்து உள்துணியில் ஒட்டும், அதனால் படுக்குமுன் கயிறுகளை ஒருமுறை இழுத்துக் கட்டவேண்டும். அந்தக் கயிற்றிலோ முளையிலோ நாயைக் கட்டாதீர்கள். இடி இடித்தால் முளையோடு பிடுங்கிக்கொண்டு ஓடும்.

“நாய்களுக்கும் இடம் உண்டு” என்றதன் அர்த்தம் அங்கே போனபிறகு மாறியது. டென்ட்டுக்குள் விட்டால் தனிக் கட்டணம், கொட்டகைக்குள் அனுமதியே இல்லை, வேண்டுமானால் வெளியே மரத்தில் கட்டிக்கொள்ளலாம் என்றார்கள். கொட்டும் மழையில்! நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். தெப்பலாக நனைந்து காற்றிலும் நின்றால் அது இறங்கத் தொடங்கும், குட்டைமுடி நாய்க்கும் கிழ நாய்க்கும் குட்டிக்கும் சீக்கிரமே இறங்கும். நடுங்கிக்கொண்டிருந்த நாய், துவட்டிக் கதகதப்பாக்காமலே நடுக்கத்தை நிறுத்தித் துவண்டு கிடந்தால், சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அதுதான் ஆபத்தின் அடையாளம். வயிறு, அக்குள், விரலிடுக்கு எல்லாம் துவட்டி, காய்ந்த போர்வையில் சுற்றி, உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

எல்லாவற்றையும்விடக் கோபம் வரவைத்தது, குளிருகிறதே என்றதற்கு அங்கிருந்த ஆள் கரி அடுப்பைக் கொண்டுவந்து நீட்டி, “உள்ள வச்சுக்கோங்க” என்றது. கரி அடுப்போ கேஸ் அடுப்போ மூடிய டென்ட்டுக்குள் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிற மனிதரும் நாயும் விழிக்காமலே போய்விடுவார்கள். ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்தாலும் ஆபத்து போகாது.

பதிவு செய்யும்போது இவற்றை ஃபோனில் பேசாமல் மெசேஜில் கேளுங்கள்: எத்தனை நாய், எந்த அளவு, இரவில் எங்கே படுக்கும், கட்டணம் எவ்வளவு, கொட்டகைக்குள் விடுவார்களா, அங்கே வேறு நாய்கள் அவிழ்த்துவிடப்பட்டிருக்குமா, கனமழை என்றால் பணம் திரும்புமா. பதில் எழுத்தில் வராத இடத்துக்கு முன்பணமே அனுப்பாதீர்கள். முடிந்தால் கார்டில் கட்டுங்கள், வங்கியில் முறையிட ஒரு வழியாவது இருக்கும்.

திரும்பி வந்ததும் காது மடிப்பிலும் விரலிடுக்கிலும் உண்ணி பாருங்கள். இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எலி மூத்திரம் கலந்த தேங்கிய நீரில் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக் காய்ச்சல் கிருமி இருக்கலாம், அது மனிதருக்கும் தொற்றும். அடுத்த இரண்டு வாரத்தில் நாய்க்குக் காய்ச்சல், வாந்தி, சோர்வு, கண்ணில் மஞ்சள் தெரிந்தால், நாய் குட்டைத் தண்ணீர் குடித்ததை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அதன் மூத்திரத்தைக் கையுறை இல்லாமல் துடைக்காதீர்கள்.